'குவிக்': விரைவுக்கு முன் உயிரைக் குறித்த சொல்

'குவிக்' என்ற ஆங்கிலப் பெயரடைக்கு நாம் பள்ளியில் கற்ற பொருள் 'விரைவான' என்பது. அஞ்சல் நிலையத்திலும் உணவகப் பலகையிலும் கைப்பேசிச் செயலியிலும் அது இந்தப் பொருளில்தான் வருகிறது. ஆனால் ஆங்கில மொழியின் வரலாற்றில் இது பிந்தி வந்த பொருள். பல நூற்றாண்டுகளாக அச்சொல்லுக்கு முதன்மைப் பொருள் 'உயிருள்ள' என்பதே. அந்தப் பழம்பொருள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. பாதரசத்தின் பழைய பெயரிலும், நகத்துக்கு அடியிலுள்ள சதையைக் குறிக்கும் சொல்லிலும், கிறித்தவ வழிபாட்டு நூல்களின் பழைய பதிப்புகளிலும் அது எச்சமாகத் தங்கியிருக்கிறது.

இன்னோர் இடத்திலும் அது தங்கியிருக்கிறது. அந்த இடம் இந்தியாவின் குற்றவியல் சட்டம். அங்கே இந்தப் பழஞ்சொல் வெறும் எச்சமாக இல்லை. சிறைத்தண்டனையின் உச்ச அளவு மூன்று ஆண்டா ஏழு ஆண்டா என்பதை அது இன்றும் தீர்மானிக்கிறது.

வேரும் உறவும்

பழைய ஆங்கிலத்திலும் இச்சொல்லின் ஒலி ஏறக்குறைய இதேதான். எழுத்து மட்டும் வேறு. இன்று 'கியூ', 'யு' என்று தொடங்கும் சொல் அன்று 'சி', 'டபிள்யூ' என்று தொடங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு எழுத்தர்களின் பழக்கத்தால் இந்த மாற்றம் வந்தது. பொருள் அப்போது 'உயிருள்ள' என்பதே. செத்ததற்கு எதிர்ச்சொல் அது.

மொழியியலாளர்கள் இதன் வேரை இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் காண்கிறார்கள். அந்த மூலச்சொல்லின் முதல் மெய்யொலி ஒவ்வொரு கிளைமொழியிலும் ஒவ்வொரு விதமாகத் திரிந்தது. செருமானிய மொழிகளில் 'க்வ' ஆனது. இலத்தீனில் 'வ' ஆகி 'விவுஸ்' என்ற சொல்லைத் தந்தது. கிரேக்கத்தில் 'பியோஸ்' ஆனது. சமற்கிருதத்தில் 'ஜ' ஆகி 'ஜீவ' என்று நின்றது. ஆக, தமிழில் நாம் எடுத்தாளும் ஜீவன், சீவன், ஜீவநதி ஆகியவையும் ஆங்கிலக் 'குவிக்'கும் தூரத்து உறவினர்கள். கிரேக்கக் கிளையிலிருந்து 'பயாலஜி' வந்தது. இலத்தீன் கிளையிலிருந்து 'விட்டமின்' வந்தது. கல்லூரியில் நடக்கும் 'வைவா' தேர்வின் பெயரும் இலத்தீன் கிளையைச் சேர்ந்தது. அதன் முழுத்தொடருக்கு 'உயிருள்ள குரலால்' என்று பொருள். 'விஸ்கி'யின் கதை சற்று வேடிக்கையானது. அது 'உயிர்நீர்' என்று பொருள்படும் கேலிக் மொழித் தொடரிலிருந்து வந்தது. அத்தொடரில் 'உயிர்' என்ற பகுதிதான் நம் சொல்லுக்கு உறவு. ஆங்கிலேயர் பெயரைச் சுருக்கியபோது உயிரை விட்டுவிட்டு நீரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தமிழின் 'உயிர்' என்ற சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது திராவிட வேருடையது.

உயிருள்ளது எப்படி விரைவானதாயிற்று? உயிருள்ளது அசையும். நன்றாக அசைவது துடிப்பாக இருக்கும். துடிப்பாக இருப்பது வேகமாகச் செய்யும். இந்தப் படிகளில் சொல் மெல்ல நகர்ந்தது. ஏறக்குறைய 1300 அளவில் 'விரைவான' என்ற பொருள் எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. தமிழ் வாசகருக்கு இது விளங்காத புதிர் அன்று. 'துடிப்பு' என்ற நம் சொல் இதயத்தின் அசைவையும் குறிக்கிறது, சுறுசுறுப்பையும் குறிக்கிறது. 'துடிப்பான பையன்' என்று சொல்லும்போது உயிரின் அடையாளத்தைக் கொண்டே வேகத்தைப் பேசுகிறோம். ஆங்கிலம் ஒரு படி மேலே போய், ஏறி வந்த ஏணியைத் தள்ளிவிட்டது. 'லிவிங்', 'அலைவ்' போன்ற சொற்கள் உயிர்ப்பொருளை எடுத்துக்கொள்ள, 'குவிக்' வேகத்தோடு நின்றுவிட்டது.

இரண்டு பொருளும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்த நாட்களும் உண்டு. சேக்சுபியரின் 'ஹேம்லட்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் கல்லறை தோண்டுபவன் இளவரசனோடு வாயாடும் காட்சியில் இந்தச் சொல் சிலேடையாக வருகிறது. ஒருமுறை 'உயிருள்ளவர்', அடுத்த மூச்சில் 'சட்டென்று ஓடுவது'. 1600ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் நாடகம் பார்த்தவர்கள் இரண்டையும் புரிந்துகொண்டு சிரித்திருக்க வேண்டும். இன்றைய வாசகருக்கு அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

கூட்டுச் சொற்களில் ஒளிந்திருப்பவை

ஒரு சொல்லின் பழம்பொருள் தனிச்சொல்லில் அழிந்த பிறகும் கூட்டுச்சொற்களில் நெடுநாள் நிலைத்திருக்கும். 'குவிக்' இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் இக்கூட்டுச்சொற்களை 'விரைவு' என்ற பொருளோடு பொருத்திப் பார்த்துக் குழம்புவதும் உண்டு.

'குவிக்சில்வர்' என்பது பாதரசம். விரைவான வெள்ளி என்பதை விட 'உயிருள்ள வெள்ளி' என்பதே அதன் நேர்ப்பொருள். இலத்தீனில் இருந்த 'உயிருள்ள வெள்ளி' என்ற பெயரைப் பழைய ஆங்கிலம் அப்படியே பெயர்த்துக்கொண்டது. செருமன் மொழியிலும் இதே பெயர்தான். −38.8 பாகை செல்சியசில்தான் பாதரசம் உறையும். ஆகவே சாதாரண வெப்பநிலையில் அது உருண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. தட்டில் ஊற்றினால் மணிமணியாகப் பிரிந்து மீண்டும் சேரும் அதைப் பார்த்தவர்களுக்கு உயிருள்ளது என்று தோன்றியதில் வியப்பில்லை. கிரேக்கர் 'நீர்வெள்ளி' என்றார்கள். வேதியியலில் பாதரசத்துக்குரிய 'எச்ஜி' என்ற குறியீடு அந்தக் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது.

'குவிக்லைம்' என்பது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. பார்த்தால் செத்த கல் போல இருக்கும். நீர் ஊற்றினால் கொதித்துச் சீறும். உரோமர்கள் இதையும் 'உயிருள்ள சுண்ணாம்பு' என்றே அழைத்தார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுசுதீன் தமது 'கடவுளின் நகரம்' நூலில் இந்தப் பெயரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத நெருப்பு அதனுள் உயிர்போல் ஒளிந்திருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். நீர் சேர்த்தபின் கிடைக்கும் நீர்த்த சுண்ணாம்பைப் பிரெஞ்சுக்காரர் 'அணைந்த சுண்ணாம்பு' என்கிறார்கள். உயிர் போய்விட்டது என்பது கணக்கு.

'குவிக்சேண்ட்' என்பது புதைமணல். அதில் விழுந்தவர் விரைவாக மூழ்குவார் என்பதால் இப்பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. காலடியில் அசைந்து நெளிகிற மணல், உயிருள்ளது போன்ற மணல் என்பதே பொருள்.

'குவிக்செட்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஈடு தேட வேண்டியதே இல்லை. உயிர்வேலி. வெட்டிய கழிகளை நட்டுக் கட்டும் வேலிக்கு மாறாக, வேர்பிடித்து வளரும் செடிகளால் அமைக்கும் வேலி. இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைத் தனியார் நிலங்களாக வளைத்துக்கொள்ள நாடாளுமன்றம் சட்டம் சட்டமாக இயற்றியது. அப்போது எல்லை வகுக்க நடப்பட்டவை பெரும்பாலும் ஆத்தோர்ன் எனப்படும் முட்செடிகள். அந்தச் செடிக்கே 'குவிக்' என்று பெயர் வந்துவிட்டது. கொங்கு நாட்டில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை முள் நடுவதும் இதே முறைதான். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், நம்முடைய சொல் இன்னும் தன் பொருளை வெளிப்படையாகச் சொல்கிறது.

இன்னொன்று, பெயர்ச்சொல்லாக வரும் 'த குவிக்'. நகத்துக்கு அடியில் உணர்ச்சியுள்ள மென்சதை அது. நாம் நகக்கண் என்போம். நகத்தின் வெளிப்பகுதியை வெட்டினால் வலிக்காது. நகக்கண்ணைத் தொட்டால் உயிர் போகும். நெஞ்சைத் தைக்கும்படி ஒருவரைப் புண்படுத்துவதை ஆங்கிலத்தில் 'நகக்கண் வரை வெட்டியது' என்று சொல்வது இதிலிருந்து வந்தது.

வழிபாட்டு நூல்களில்

பொதுவழக்கில் மங்கிய பிறகும் ஆங்கிலேயர் இந்தப் பழம்பொருளை வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் கோயில். திருத்தூதரின் நம்பிக்கை அறிக்கையில், இயேசு 'உயிருள்ளோரையும் இறந்தோரையும்' நடுத்தீர்க்க வருவார் என்ற பகுதி உண்டு. 1549இல் வெளிவந்த ஆங்கிலேயத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் அந்த இடத்தில் 'குவிக்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்திலும் அச்சொல் இப்பொருளில் வருகிறது. எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் கடவுளின் வார்த்தை 'குவிக்' என்று சொல்லப்பட்டிருக்கிறது. விரைவானது என்பதல்ல, உயிருள்ளது என்பதே பொருள். 1881இல் வந்த திருத்திய பதிப்பு அதை 'லிவிங்' என்று மாற்றியது. படிப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. வழிபாட்டு நூல்களின் புதிய வடிவங்களும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வழியில் சென்றன.

மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு இந்தத் தொடர் நகைச்சுவையாகவும் மாறியது. சாலையில் நடப்பவர்கள் இரண்டு வகை, 'குவிக்' ஒன்று, 'டெட்' மற்றொன்று என்பது ஆங்கிலத்தின் பழைய சிரிப்புகளில் ஒன்று. வேகமாகக் கடக்காதவர் பிழைப்பதில்லை என்பதால் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வயிற்றில் அசைவும் தூக்குமேடையும்

இச்சொல்லின் வரலாற்றில் மிகக் கனமான பகுதி கருவுற்ற பெண்களைப் பற்றியது. வயிற்றிலுள்ள குழந்தையின் அசைவைத் தாய் முதன்முதலாக உணர்வதை ஆங்கிலத்தில் 'குவிக்கனிங்' என்பார்கள். 'உயிர்பெறுதல்' என்பது நேர்ப்பொருள். பொதுவாகக் கருவுற்ற 16 முதல் 20 வாரங்களுக்குள் இது நிகழ்கிறது. முதல் பேறு என்றால் சற்றுத் தாமதமாகும். அந்த நிலையை அடைந்த பெண்ணைக் 'குவிக் வித் சைல்ட்' என்றார்கள். 'உயிருள்ள குழந்தையோடிருப்பவள்' என்று பெயர்க்கலாம்.

கரு எப்போது உயிர் பெறுகிறது என்ற கேள்விக்குப் பழங்காலத்தில் பலவிதமான விடைகள் இருந்தன. ஆண் கரு 40 நாள் அளவிலும் பெண் கரு 90 நாள் அளவிலும் அசையத் தொடங்கும் என்று அரிசுடாட்டில் எழுதினார். பெண் கருவுக்கு ஏன் கூடுதலாக ஐம்பது நாள் என்று கேட்டால் விடை அறிவியலில் கிடைக்காது. 13ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிராக்டன், உருப்பெற்ற அல்லது உயிர்பெற்ற கருவை அழிப்பது கொலை என்று எழுதினார். 1644இல் வெளியான எட்வர்ட் கோக்கின் நூல் அதைக் கொலை என்று கொள்ளாமல் பெருங்குற்றம் என்றது. ஆனால் அளவுகோலாக 'குவிக்' என்ற நிலையையே வைத்தது. 1765இல் வில்லியம் பிளாக்ஸ்டன், தாயின் வயிற்றில் குழந்தை அசைய முடிந்த கணத்திலிருந்து சட்டத்தின் பார்வையில் உயிர் தொடங்குகிறது என்றார்.

அளவுகோல் அசைவு. அந்த அசைவை அறியக்கூடியவர் உலகில் ஒரே ஒருவர். அந்தப் பெண். தாயின் வயிற்றிலிருந்து கருவின் இதய ஒலியைக் காதால் கேட்கலாம் என்பதே 1818இல்தான் ஜெனீவா மருத்துவர் மேயர் வழியாகத் தெரியவந்தது. அதுவரை பெண் சொல்வதை நம்புவதோ நம்பாமல் இருப்பதோதான் வழி.

நம்பாதபோது ஆங்கில நீதிமன்றங்கள் கையாண்ட முறை விந்தையானது. மரணதண்டனை விதிக்கப்பட்ட பெண், தான் உயிருள்ள குழந்தையைச் சுமப்பதாகச் சொன்னால் தண்டனையை நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு 'வயிற்றை முறையிடுதல்' என்று பெயர். அது உண்மையா என்று பார்க்கத் திருமணமான மூத்த பெண்கள் 12 பேரைக் கொண்ட ஒரு குழு அமைக்கப்படும். அவர்கள் தனியறையில் சோதித்துவிட்டு வந்து முடிவு சொல்வார்கள். வெறுமனே கருவுற்றிருப்பது போதாது, கரு அசைந்திருக்க வேண்டும் என்று பிளாக்ஸ்டன் தெளிவாகக் குறிப்பிடுகிறார். இந்தச் சலுகை ஒருமுறைதான். ஒரு குழந்தை பெற்றபின் மறுபடி கருவுற்றாலும் தூக்கு தள்ளிப்போகாது. ஆண்கள் மட்டுமே நடுவர்களாக அமர்ந்த காலத்தில், ஆங்கிலப் பொதுச்சட்டம் பெண்களின் தீர்ப்பைக் கேட்ட அரிய இடம் இது.

1720 நவம்பர் 28 அன்று யமேக்காவில் இரண்டு பெண்களுக்குக் கடற்கொள்ளைக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆன் போனி, மேரி ரீட் என்பவர்கள் அவர்கள். தீர்ப்பைக் கேட்டதும் இருவரும் தாங்கள் 'குவிக் வித் சைல்ட்' என்று முறையிட்டார்கள். சோதனைக்குப் பிறகு தண்டனை நிறுத்தப்பட்டது. அவர்களோடு கப்பலில் இருந்த தலைவன் ஜான் ரேக்கம் அதற்கு முன்பே தூக்கிலிடப்பட்டிருந்தான். மேரி ரீட் 1721இல் சிறையிலேயே இறந்தார். ஆன் போனிக்கு என்ன ஆயிற்று என்பதில் கதைகள் பல உண்டு. இருவருக்கும் சில மாதங்களாவது வாழ்நாள் தந்தது அந்த ஒரு சொல்.

1838இல் இன்னொரு வழக்கில் நீதிபதி கர்னி ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொன்னார். 'குவிக் வித் சைல்ட்' என்றால் கருவுற்றவள் என்றுதான் பொருள், 'வித் குவிக் சைல்ட்' என்று சொல் இடம் மாறினால்தான் குழந்தை அசைந்துவிட்டது என்று பொருள் என்றார். ஒரு பெயரடை எந்தப் பெயருக்கு முன்னால் நிற்கிறது என்பதில் ஓர் உயிர் தொங்கியது. இந்த விளக்கம் பிற்காலச் சட்ட நூல்களில் பொதுவாக ஏற்கப்படவில்லை. கருவுற்ற பெண்களுக்கு மரணதண்டனை விதிப்பதையே நீக்கிய 1931ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இங்கிலாந்தில் மூத்த பெண்கள் குழுவும் மறைந்தது.

தண்டனைச் சட்டத்துக்குள் வந்த விதம்

1803இல் எல்லன்பரோ பிரபுவின் சட்டம் கருக்கலைப்பை முதன்முறையாக இங்கிலாந்தின் எழுத்துச் சட்டத்தில் குற்றமாக்கியது. அசைவு உணரப்பட்ட பிறகு நஞ்சு கொடுத்துக் கலைத்தால் மரணதண்டனை. அதற்கு முன்பு என்றால் நாடுகடத்தல் போன்ற குறைந்த தண்டனை. மருத்துவர்கள் இந்த எல்லைக்கோட்டைத் தொடர்ந்து குறைகூறினார்கள். தாய் உணர்வதற்குப் பல வாரங்கள் முன்பே கரு அசைகிறது, உயிர் திடீரென்று ஒருநாள் நுழைவதில்லை என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம்தான். மிகைஒலிக் கருவி வந்த பிறகு, 7, 8 வாரங்களிலேயே கருவின் அசைவைத் திரையில் காண முடிகிறது. 1837இல் இங்கிலாந்து இந்த வேறுபாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியது. மரணதண்டனையும் அதோடு போயிற்று.

ஆனால் 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது அப்படியே இருந்தது. இங்கிலாந்து கைவிட்டு 23 ஆண்டுகள் கழிந்த பின்னும்! 312ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்கும் நன்னோக்கமின்றிக் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பெண் 'குவிக் வித் சைல்ட்' நிலையில் இருந்தால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள் என்று பிரிவின் விளக்கம் சொல்கிறது. 316ஆம் பிரிவில் 'குவிக் அன்பார்ன் சைல்ட்', அதாவது உயிருள்ள பிறவாக் குழந்தை என்ற தொடரும் உண்டு. இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவிலும், மலேசியச் சட்டத்தின் 312ஆம் பிரிவிலும் இதே சொல் இருக்கிறது.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 1720இல் 'ஆம், அசைவை உணர்ந்தேன்' என்று சொன்ன பெண் உயிர்பிழைத்தாள். இந்தியச் சட்டத்தில் அதையே சொல்லும் பெண்ணின் தண்டனை உச்சம் நான்கு ஆண்டு கூடுகிறது. அசைவுக்கு அவளே நேரடிச் சாட்சி, குற்றம் சாட்டப்படக்கூடியவளும் அவளே. தன்னைக் குற்றப்படுத்தும் சாட்சியம் சொல்ல எவரையும் வற்புறுத்தக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3)ஆம் உறுப்பு. அப்படியானால் அந்த ஏழு ஆண்டை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? பிறகு மருத்துவர் கணக்கிடும் வாரங்களைக் கொண்டு ஊகிக்கலாம். ஆனால் சட்டத்தின் சொல் வாரத்தைப் பற்றியதன்று.

312ஆம் பிரிவின் முதல் பகுதி பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 1886இல் அளித்த ஒரு தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கருவுற்று ஒரு மாதமே ஆன நிலையில் கலைக்கப்பட்ட வழக்கு அது. குழந்தை என்று சொல்லத்தக்க உரு எதுவும் இல்லையே என்று கீழ்நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. கருத்தரித்த கணத்திலிருந்தே ஒரு பெண் சட்டப்படி 'கருவுற்றவள்'தான், உருப்பெற்றதா இல்லையா என்பது பொருட்டன்று என்றது உயர் நீதிமன்றம். ஆக, குற்றத்துக்கு 'குவிக்' என்ற நிலை தேவையில்லை. தண்டனையைக் கூட்டவே அது தேவை.

அமெரிக்காவில் இந்தச் சொல் வேறு பாதையில் சென்றது. கனெக்டிகட் மாநிலம் 1821இல் இயற்றிய சட்டம் அசைவுக்குப் பிந்திய கருவுக்கு நஞ்சு கொடுப்பதை மட்டும் தடைசெய்தது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான மாநிலங்கள் இந்த வேறுபாட்டைக் கைவிட்டன. கத்தோலிக்கத் திருச்சபையும் 1869இல் தன் சட்டத்திலிருந்து இத்தகைய வேறுபாட்டை நீக்கியது. பிறகு 1973இல் 'ரோ எதிர் வேட்' வழக்கிலும், அதைக் கவிழ்த்த 2022ஆம் ஆண்டின் 'டாப்சு' வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கோக்கையும் பிளாக்ஸ்டனையும் எடுத்துவைத்து 'குவிக்' என்பதன் வரலாற்றைப் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். இரு தீர்ப்புகளும் ஒரே வரலாற்றிலிருந்து எதிரெதிர் முடிவுக்கு வந்தன.

இன்றைய நிலை

இந்தியாவில் 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பெருமளவு நிலைமையை மாற்றியது. குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தகுதிபெற்ற மருத்துவர் செய்யும் கருக்கலைப்பு குற்றமாகாது. அச்சட்டம் வாரங்களால் பேசுகிறது. தொடக்கத்தில் 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரு மருத்துவர் என்றிருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒருவர், வரையறுக்கப்பட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இருவர் என்றாயிற்று. திருமணமாகாத பெண்களும் இதில் அடங்குவர் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இருந்தாலும் இது ஒரு விதிவிலக்குச் சட்டம்தான். அடியில் பழைய தண்டனைப் பிரிவு அப்படியே கிடக்கிறது. இலங்கையில் இத்தகைய விதிவிலக்குச் சட்டமும் இல்லை. தாயின் உயிரைக் காப்பது ஒன்றே அங்கு அனுமதிக்கப்பட்ட காரணம்.

2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. காலனியக் காலச் சட்டத்தை அகற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. 312ஆம் பிரிவு 88ஆகவும், 316ஆம் பிரிவு 92ஆகவும் எண் மாறின. 'குவிக்' என்ற சொல் மாறவில்லை. அதற்கு வரையறையும் பழைய சட்டத்தில் இருந்ததில்லை, புதியதிலும் இல்லை. மரணதண்டனை விதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய நடைமுறைச் சட்டமோ இதைவிட எளிமையாக இருக்கிறது. அவள் கருவுற்றிருப்பது தெரிந்தால் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைக்க வேண்டும். அசைந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி சட்டம் பயிலும் மாணவர்களுக்கு எழும். கையடக்க அகராதியை நம்பினால் 92ஆம் பிரிவின் தலைப்பில் 'விரைவான பிறவாக் குழந்தை' என்று எழுத நேரும். கணினி மொழிபெயர்ப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. 'உயிருள்ள' என்று எழுதினால் சொல்லின் வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கும். ஆனால் அசைவுக்கு முந்திய கரு உயிரற்றது என்ற பழைய நம்பிக்கையையும் அது சேர்த்துத் தமிழுக்குள் கொண்டுவந்துவிடும். 'உயிர்த்துடிப்புள்ள' என்றால் இதயத்துடிப்பு என்று படிப்பவர் நினைப்பார். அது ஆறேழு வாரத்திலேயே கருவியில் தெரிந்துவிடுகிறது, தண்டனையின் எல்லைக்கோடு முன்னுக்கு நகர்ந்துவிடும். 'அசைவு உணரப்பட்ட' என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. உணர்ந்தவர் யார் என்ற கேள்வியையாவது அது படிப்பவர் மனத்தில் எழுப்பும்.